இரவல் பிள்ளையின் நிறை

எங்கள் தொழிலுக்கு ஒரு தராசும் நிறையப் பொறுமையும் வேண்டும். தராசை மட்டும் அரசாங்கம் தந்துவிடுகிறது.

நான் குடும்பநல மாது. கடிதங்களில் எங்கள் பதவிக்கு நீளமான ஒரு பெயர் இருக்கிறது. கொழும்பில், கொட்டாஞ்சேனையிலும் முகத்துவாரத்திலும் யாருக்கும் அது தெரியாது, தேவையும் இல்லை. அவர்களுக்கு நான் ‘மிஸ்’. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் நிறுப்பது, தடுப்பூசிக்குக் கூப்பிடுவது, வீடு வீடாகப் போய் “இண்டைக்குப் பிள்ளை என்ன சாப்பிட்டது?” என்று கேட்பது, இவைதான் என் வேலை. இருபத்திரண்டு வருடமாக இந்தக் கேள்வியைக் கேட்கிறேன். உண்மையான பதில் கிடைத்த நாட்களை விரல் விட்டு எண்ணலாம்.

கையில் சோற்றுக் கிண்ணத்தோடு ஒரு பிள்ளைக்குப் பின்னால் ஒரு தடவையாவது ஓடியவர் என்றால், நீங்களும் என் கட்சிதான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பரீட்சை மண்டபம்

எங்கள் கிளினிக் ஒரு பழைய சனசமூக மண்டபத்தில் நடக்கிறது. கூரையில் இருந்து ஒரு தராசு தொங்கும். பிள்ளையை ஒரு துணிக் காற்சட்டைக்குள் போட்டு அதன் கொக்கியில் மாட்டுவோம். பிள்ளை கத்தும், முள் ஆடும். முள் நின்றதும் நிறையைக் கார்டில் புள்ளியாகப் போட்டு, போன மாதப் புள்ளியோடு கோடு இழுப்போம். கார்டில் பச்சை, செம்மஞ்சள், சிவப்பு என்று பட்டிகள் இருக்கும். கோடு பச்சையில் ஏறிக்கொண்டு போனால் நல்லது. செம்மஞ்சளுக்கு இறங்கினால் பிள்ளைக்குச் சாப்பாடு போதவில்லை. சிவப்பு என்றால் ஆஸ்பத்திரிதான்.

இது பிள்ளையின் கார்ட் என்று நாங்கள் நினைக்கிறோம். தாய்மார் அதைத் தங்கள் பரீட்சை முடிவு என்று நினைக்கிறார்கள். அதனால் நிறை பார்க்கும் நாளில் நடக்கும் தில்லுமுல்லுகளைச் சொல்லி முடியாது. தராசுக்கு வருமுன் ஒரு போத்தல் தண்ணீர் பருக்குவார்கள். நனைந்த நாப்கினை மாற்றமாட்டார்கள். ஒரு தாய் தன் மகனை வெள்ளி அரைஞாண், தண்டை, காப்பு, பஞ்சாயுதம் எல்லாம் பூட்டிக் கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் கழற்றி நிறுத்தேன், இருநூறு கிராம் குறைந்துவிட்டது. “நகையைக் கழட்டினா நிறை குறையத்தானே மிஸ் செய்யும், அதுக்குப் பிள்ளை என்ன செய்யிறது?” என்று என்னிடமே நியாயம் கேட்டாள்.

பரீட்சை என்றால் முடிவை வாசிக்க ஒரு ஆள் வேண்டுமே. அந்த வேலையை நான் மிகவும் விரும்பிச் செய்துவந்தேன். எனக்கு இயற்கையிலேயே பெரிய குரல். “செம்மஞ்சள்! என்னம்மா செய்யிறீங்க வீட்டில?” என்று நான் கேட்டால் கடைசி வாங்குப் பலகையில் இருப்பவளும் திரும்பிப் பார்ப்பாள். கண்டிப்பு இல்லாவிட்டால் இவர்கள் திருந்தமாட்டார்கள் என்று நம்பிக்கொண்டிருந்தேன். என்னோடு வேலை செய்யும் மாலினி சிங்களப் பிள்ளை, என்னைவிடப் பத்து வயது இளையவள். மெல்லப் பேசு என்பதை அவள் எப்போதும் தன் பாஷையில்தான் ஆரம்பிப்பாள்: “அக்கே, ஹெமின், ஹெமின். றோட்டால போற பஸ்ஸுக்கும் கேக்குது.”

ரயிலுக்கு ஒரு வாய்

முதல் ஆறு வருடம் நான் வெள்ளவத்தையில் வேலை செய்தேன். அங்கே பிரச்சினை வேறு. வீட்டில் சாப்பாடு குவிந்து கிடக்கும், பிள்ளை வாயைத் திறக்காது. கடற்கரைப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு யாழ்ப்பாணக் குடும்பம் இருந்தது. தகப்பன் வங்கியில் வேலை, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். அவருடைய மூன்று வயது மகள் ரயிலைக் கண்டால்தான் வாயைத் திறப்பாள். அதனால் அவர் காலையும் மாலையும் கிண்ணத்தோடு தண்டவாளத்துப் பக்கம் போய் நிற்பார். சாதாரண ரயிலுக்கு ஒரு வாய், எக்ஸ்பிரஸ் ரயிலுக்கு இரண்டு வாய். ரயில் நேர அட்டவணை அவருக்கு ஸ்டேஷன் மாஸ்டரை விட நன்றாகத் தெரியும். வேலைக்குப் பிந்திப் போவதற்குக் கூட ரயில் பிந்தியதுதான் காரணம் என்று சொல்வார். அது உண்மையும்தான்.

பிள்ளையை வீட்டுக்குள் உட்கார வைத்து ஊட்டச் சொல்லி நான் பல தடவை புத்தி சொன்னேன். “ஓம் மிஸ், ஓம் மிஸ்” என்று தலையாட்டுவார். ஒரு நாள் காலையில் வீதியில் என்னைக் கண்டதும், முழுக் கிண்ணத்தோடு, வீட்டில் யாருக்கோ நோய் கடுமை என்பது போன்ற முகத்தோடு ஓடி வந்தார்: “மிஸ், இண்டைக்கு ரெயில் ஸ்ட்ரைக். பிள்ளை காலமையில இருந்து ஒண்டும் சாப்பிடேல்லை.”

உப்புப் போடாத சட்டி

பிறகு எனக்கு முகத்துவாரப் பக்கம் மாற்றம் கிடைத்தது. அங்கே பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டே இருப்பார்கள், கிண்ணத்தில்தான் குறை. அதனால் கையில் இருக்கும் சாமானில் எப்படிச் சத்தாகச் சமைப்பது என்று காட்டிக் கொடுப்போம். ஒரு நாள் மண்டபத்தில் அடுப்பு வைத்து, சோறு, பருப்பு, பொன்னாங்காணி, நெத்தலிக் கருவாட்டுத் தூள், கடைசியில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய் எல்லாம் சேர்த்து மசித்துக் காட்டினேன். ஒரு வயது ஆகும்வரை பிள்ளைக்கு உப்பு வேண்டாம் என்றும் சொன்னேன். எல்லோரும் பக்தியோடு கேட்டார்கள்.

முன் வாங்கில் ரொசலின் இருந்தாள். புருஷன் கடலுக்குப் போகிறவர். அவளுக்கு ஜெரோம் என்று ஒரு கொழுகொழு மகன், வாய் அவளுக்கு நல்ல நீளம். ருசி பார்க்கச் சொல்லி அவளிடம் ஒரு கரண்டி கொடுத்தேன். அவள் விழுங்கிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாள். பையில் இருந்து உப்பும் உறைப்புமான ஒரு சம்பல் பார்சலை எடுத்தாள். நான் அந்தப் பக்கம் திரும்பிக் கார்ட் எழுதி முடிப்பதற்குள் தாய்மார் எல்லோருமாகச் சம்பலைத் தொட்டுக்கொண்டு சட்டியைக் காலி செய்துவிட்டார்கள். மடியில் இருந்த பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தன. நான் கோபத்தோடு ரொசலினைப் பார்த்தேன். அவள் மகனின் தலையைத் தடவிக்கொண்டு சொன்னாள்: “சமையல் நல்லம் மிஸ். ஆனா உப்பில்லாமத் தின்ன இவன் என்ன குத்தம் செஞ்சான்?”

என் வீட்டு ஓட்டப் போட்டி

இதையும் சொல்லாவிட்டால் என் மகன் கோபிப்பான். அவன் இப்போது ஆறடி உயரம். இரண்டு வயதில் அவனுடைய சாப்பாடு தேநீரில் தோய்த்த பிஸ்கட் மட்டும்தான். சாப்பாட்டுக்கு முன் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தால் பிள்ளைக்குப் பசி செத்துவிடும் என்று காலை முழுவதும் ஊருக்குப் பிரசங்கம் செய்துவிட்டு வருவேன். வீட்டில் பிஸ்கட் டின் எந்த இராக்கையில் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும்.

ஒரு சனிக்கிழமை, கொட்டாஞ்சேனையில் எங்கள் மாடி வீட்டில், கட்டிலைச் சுற்றி, மேசையைச் சுற்றி அவன் முன்னால் ஓட, நான் கிண்ணத்தோடு பின்னால் ஓடிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தே கிடந்தது. யாரோ பார்ப்பது போல் இருந்தது. திரும்பினால், ‘வீட்டில என்னம்மா செய்யிறீங்க?’ என்று முந்திய நாள்தான் நான் ஏசி அனுப்பிய தாய் ஒருத்தி, ஒரு கையெழுத்துக்காக வந்து நிற்கிறாள். என் மேல்சட்டை முழுக்கப் பருப்பு. அவள் சிரிக்கவில்லை. அதுதான் பெரிய தண்டனை. மிகவும் மரியாதையாகச் சொன்னாள்: “அவசரமில்ல மிஸ், நான் திங்கக்கிழமை வாறன். நீங்க முதல்ல புடிங்க.”

பல் எங்கே?

இனி நான் மறக்க முடியாத கதைக்கு வருகிறேன். சரோஜா ஹட்டன் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு கொழும்புக்கு வந்தாள். புருஷன் மகேந்திரன் புறக்கோட்டையில் வெங்காய மூட்டை தூக்கும் நாட்டாமி. நான்கு பிள்ளைகள், கடைசி மகன் டிலுக்‌ஷன். எட்டாம் மாதத்தில் அவன் ஏழு கிலோ. ஒன்பதிலும் ஏழு. பத்திலும் ஏழு. ஏற வேண்டிய கோடு படுத்துக் கிடந்தது, செம்மஞ்சளுக்குள் வந்துவிட்டது. “மூண்டு மாசமா கோடு படுத்துக் கிடக்குது! சிவப்புக்குப் போனா வார்ட்டில போடத்தான் வேணும், தெரியுமா?” என்று முழு மண்டபத்துக்கும் கேட்க ஏசினேன். சரோஜா பிள்ளையை முந்தானையால் மூடிக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்த மாதம் வந்தாள். பிள்ளைக்குக் கம்பளித் தொப்பி, கன்னத்தில் பெரிய கறுப்புப் பொட்டு. தராசில் மாட்டினோம். முள் எட்டுக் கிலோவைத் தாண்டி, எட்டு இருநூறில் நின்றது. ஒரே மாதத்தில் ஒரு கிலோவுக்கு மேல்! நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. “பாத்தியா, ஏசினாத்தான் வழிக்கு வருவாங்க” என்று மாலினியிடம் பெருமை அடித்தேன். எழுபது பிள்ளைகள் கத்துகிற மண்டபத்தில் எனக்குத் தாய்மாரின் முகம்தான் நினைவிருக்கும். தொப்பி போட்டால் எல்லாப் பிள்ளையும் ஒரே பிள்ளைதான். கொஞ்சுவோம் என்று கன்னத்தைக் கிள்ளினேன். பிள்ளை வாயைப் பிளந்து சிரித்தது. வெறும் முரசு, ஒரு பல்லும் இல்லை. கார்டைப் பார்த்தேன். போன மாதம், என் கையெழுத்தில், ‘கீழ்ப் பல் இரண்டு’ என்று இருக்கிறது.

“சரோஜா, பல் எங்க?” என்றேன். அவள் நிலத்தைப் பார்த்தாள். “விழுந்துருச்சுங்க மிஸ்” என்றாள். பதினொரு மாதத்தில் பல் விழுந்த பிள்ளையை என் சேவைக் காலத்தில் நான் கண்டதில்லை. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தேன். வரிசையில் அடுத்ததாக ரொசலின் நம்பர் துண்டோடு இருக்கிறாள், மடி வெறுமை. அவளும் சரோஜாவும் பக்கத்துப் பக்கத்து வீடு என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. “உங்கட பிள்ளை எங்க ரொசலின்?” என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் கூசவில்லை: “கெதியா நிறுத்து விடுங்க மிஸ், அடுத்த நம்பரும் அவன்தான்.”

நான்கு உருண்டை

மண்டபம் சிரித்தது. மாலினி சிரித்தாள். நானும் சிரித்திருப்பேன், ஆனால் சரோஜா நின்ற நிலை சிரிக்க விடவில்லை. மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். “ஏன் இப்பிடிச் செஞ்சீங்க?” என்று, இந்தத் தடவை மெல்லத்தான், கேட்டேன். “போன மாசம் எல்லார் முன்னாடியும் கத்துனீங்களே மிஸ். படியில போறப்பல்லாம் ‘செவப்பு வீடு’ன்னு சொல்றாங்க” என்று அழுதாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கார்டில் அந்தப் பொய்ப் புள்ளிக்குக் கோடு இழுத்து வைத்திருந்தால் டிலுக்‌ஷன் பச்சையில் இருக்கிறான் என்று நான் வேறு வேலை பார்த்திருப்பேன். அவன் வீட்டில் மெலிந்துகொண்டே போயிருப்பான். அதற்குக் காரணம் என் வாய்.

அன்று பின்னேரமே கைத்தராசோடு வீட்டுக்குப் போனேன். மூன்றாம் மாடி, ஒரு அறையும் ஒரு குசினியும். புறக்கோட்டைக்கு லொறி வராத நாள், மகேந்திரனும் வீட்டில் இருந்தார். உண்மையான டிலுக்‌ஷன் அவர் தோளில் சாய்ந்து கிடந்தான், இரண்டு பல்லோடு. நிறுத்தேன். ஆறு கிலோ தொள்ளாயிரம். இருந்ததிலும் நூறு கிராம் குறைந்துவிட்டது. நான் சொல்வதற்கு முன்பே மகேந்திரன் சொன்னார், “எனக்குத் தெரியும் மிஸ். பாரமே இல்லீங்க. தூக்குறவன் கைக்குத் தெரியாதா?”

கிளினிக்கில் கொடுக்கும் சத்துமாப் பக்கெட் என்ன ஆகிறது என்று கேட்டேன். சரோஜா ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டினாள். தேங்காய்ப்பூவும் சீனியும் போட்டுப் பிசைந்த நான்கு உருண்டைகள், அளந்து பிடித்தது போல ஒரே அளவு. பள்ளிக்கூடம் போகும் இரண்டு பேருக்கும் இரண்டு, நான்கு வயதுக்காரனுக்கு ஒன்று, டிலுக்‌ஷனுக்கு ஒன்று. ஒரு மாதத்துக்கு என்று கொடுப்பது ஒரு கிழமையில் முடிந்துவிடும். சோறும் அப்படித்தான், ஒரே தட்டில் எல்லோரும். பெரியதுகள் வேகமாகச் சாப்பிட்டுவிடும். சின்னவன் எத்தனை வாய் சாப்பிட்டான் என்று யாருக்கும் தெரியாது. ‘அது இவனுக்கு மட்டும்தான் கொடுக்க வேணும்’ என்று புத்தகத்தில் இருப்பதைச் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் சரோஜா என்னைப் பார்த்துக் கேட்டாள்: “மூணு பேரு பாத்துக்கிட்டு நிக்க, ஒருத்தனுக்கு மட்டும் எப்படிங்க மிஸ் ஊட்டுறது?”

தூக்கிப் பார்த்த ஆள்

விஷயத்தைக் கேட்ட எங்கள் கிளினிக் டொக்டர் இரண்டு கிளினிக் தவணை தந்தார். அதற்குள் கோடு ஏறாவிட்டால் வார்ட். கடிதத்தை எழுதி என் பைலில் வைத்துவிட்டார். நான் மண்டையைப் போட்டு உடைத்தேன். கிளினிக்குக்கு வருவதை விட்டிருந்த நான்கு வயதுக்காரனையும் நிறுத்துப் பார்த்தேன், அவனும் செம்மஞ்சள். ஆகவே அவனுக்கும் தனியாகச் சத்துமா கிடைத்தது. பள்ளிக்கூடக்காரர் இருவருக்கும் அங்கே மத்தியானச் சாப்பாடு உண்டு. டிலுக்‌ஷனுக்கு என்று தனித் தட்டு ஒன்று வைக்கச் சொன்னேன். மகேந்திரன் புறக்கோட்டையில் கிளிப் படம் போட்ட எவர்சில்வர் தட்டொன்று வாங்கி வந்தார். அந்தத் தட்டு முடிந்த பிறகுதான் மற்றத் தட்டுகள் என்பது வீட்டுச் சட்டம். ரொசலின் நெத்தலித் தூள் கொண்டுவந்து கொடுத்தாள், தன் மகன் இரவல் போன பாவத்துக்கு என்று சொல்லிக்கொண்டு. ஒருநாள் விட்டு ஒருநாள் முட்டை, சோற்றில் ஒரு கரண்டி எண்ணெய், ஒரு நாளைக்கு ஐந்து தடவை. சரோஜா ஒன்றையும் விடவில்லை.

முதல் கிளினிக்கில் ஏழு கிலோ. குறைந்த நூறு திரும்பி வந்தது, அவ்வளவுதான். வயதோ ஒரு மாதம் கூடிவிட்டது, கார்டில் புள்ளி சிவப்பின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. சரோஜா என் முகத்தைப் பார்த்தாள். நான் புள்ளியை வைத்து, கார்டை மடித்து, அவள் கையில் கொடுத்து, “நல்லாச் செய்யிறீங்க. அடுத்த மாசம் பாப்போம்” என்று அவளுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன். அந்த மாதம் முழுவதும் பைலைத் திறக்கும்போதெல்லாம் அந்தக் கடிதம் கண்ணில் பட்டது. அதை மறுபக்கமாகத் திருப்பி வைத்தேன்.

இரண்டாவது கிளினிக்குக்கு மகேந்திரன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தார். எழுபது பெண்களுக்கு நடுவில் ஒரே ஆண், தோளில் மூட்டைத் துண்டு, துண்டின் மேல் மகன். பக்கத்தில் சரோஜா, கார்டை இரண்டு கையாலும் பிடித்தபடி. முறை வந்ததும் நான் பிள்ளையை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். இறக்கி, கண்ணை மூடிக்கொண்டு திரும்பத் தூக்கினார். “நானூறு கூடியிருக்குங்க மிஸ்” என்றார். தராசில் மாட்டினோம். பிள்ளை கத்தினான், முள் ஆடியது. மாலினி குனிந்து வாசித்தாள், ஏழு கிலோ நானூறு. “ஹரியட்டம! சரியா நானூறு!” என்று இந்தத் தடவை றோட்டுக்குக் கேட்கக் கத்தியது அவள்தான்.

சரோஜா அழுதாள், ரொசலின் கைதட்டினாள், நான் கடிதத்தை இரண்டாகக் கிழித்தேன். மகேந்திரன் மகனைத் திரும்பத் துண்டின் மேல் வைத்துக்கொண்டு, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்: “பதினெட்டு வருசமா மூட்டை தூக்குறேங்க மிஸ். பாரம் கூடுனதுக்குச் சந்தோசப்பட்டது இன்னைக்கித்தான்.”

பிள்ளையைத்தான் தராசில் போட வேண்டும், தாயைப் போடக் கூடாது என்று கற்றுக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருடமும் பல் இல்லாத ஒரு இரவல் பிள்ளையும் தேவைப்பட்டன. இதை நான் மெல்லிய குரலில்தான் சொன்னேன் என்று மாலினியைக் கண்டால் சொல்லிவிடுங்கள்.